மூன்று மாதத்துக்கு ஒரு காலைப்பொழுது: வடசென்னை அரசு மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கும், நாளமில்லாச் சுரப்பியியல் துறை மருத்துவர்களுக்கும், ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

மருத்துவமனையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நாங்கள் கொடுத்த மூன்று மனுக்களும் உங்கள் அலுவலகத்தில் இருப்பதால், இந்த மடல் யாருக்கு என்பதும் எதைப் பற்றியது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் உரிய தொடர் பரிசோதனையை ஒரே நாளில், ஒரே கவுன்டரில், எங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயரிலும் பாலினத்திலும் செய்து தாருங்கள் என்பதுதான் மூன்று மனுக்களிலும் இருந்த ஒரே கோரிக்கை. எதற்கும் பதில் வரவில்லை. சென்ற மாதம் என் மகளை உங்கள் அவசரப் பிரிவில் படுக்க வைத்துவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, நான்காவது மனு எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடியில் காலை வேளையில் மட்டும் இட்லிக் கடை நடத்துகிறவள். பல ஆண்டுகள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியும், மூத்தவர்கள் சொன்னதைக் கேட்டும் மாத்திரை தின்றுவிட்டு, சென்ற ஆண்டுதான் முறையாக உங்கள் மருத்துவர்களிடம் வந்து சேர்ந்தேன். பெண் ஹார்மோனான எஸ்ட்ரடையால், ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் இரண்டும் எழுதிக் கொடுத்தார்கள். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை வந்தால் போதும் என்று அப்போதே சொன்னார்கள். உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் 2017-ஆம் ஆண்டின் நாளமில்லாச் சுரப்பியியல் வழிகாட்டு நெறியும் அதையேதான் சொல்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் எட்டு மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டும், அப்படியென்றால் அன்றைக்குக் கடை கிடையாது. மூன்று மாதத்தில் ஒரு நாள் வியாபாரம் போவதை நான் ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஒரு பரிசோதனைக்கு நான்கு நாள் போகிறது, ஐயா.

இரண்டாவது பரிசோதனை நாளில் நடந்ததை மட்டும் விரித்துச் சொல்கிறேன். என் ஆதார் அட்டையிலும் திருநங்கை அடையாள அட்டையிலும் என் பெயர் மாறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கணினியில் மட்டும் பழைய பெயரும் ‘ஆண்’ என்பதும் அப்படியே இருக்கின்றன. மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து ரத்தம் எடுத்துவிட்டார்கள். பதிவு செய்யும் இடத்தில், ஆண் என்று இருப்பவருக்கு எஸ்ட்ரடையால் பரிசோதனையைக் கணினி ஏற்கவில்லை என்றார்கள். ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் மாற்றி வா என்றார்கள். அங்கே போனால் மருத்துவரிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள். மருத்துவர் வார்டுக்குப் போயிருந்தார். என் ரத்தம் இருந்த குழாய், நான் விட்டுவந்த பெயரை ஒட்டிக்கொண்டு, கவுன்டர் விளிம்பில் இருந்த தாங்கியில் பதினொன்றரை மணி வரை நின்றது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே எதிரில் நின்றேன். இடையில் ஊழியர் ஒருவர் அந்தப் பழைய பெயரைக் கூடம் முழுவதும் கேட்கும்படி மூன்று முறை கூப்பிட்டார். புடவையில் இருந்த நான் எழுந்து போனபோது, வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பையை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வந்த அறிக்கையில் பொட்டாசியம் 6.1 என்று இருந்தது. அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடிய அளவு என்று சொல்லி, உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பி இ.சி.ஜி. எடுத்தார்கள். ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தைக் கூட்டும் மருந்து என்பது எனக்கும் தெரியும். அன்றிரவு முழுவதும் கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். மீண்டும் எடுத்துப் பார்த்ததில் 4.3, சரியான அளவு. ரத்தத்தைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தால் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவு பொய்யாக ஏறிவிடும் என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அவருக்கு என் நன்றி. என் உடம்பில் கோளாறு இல்லை. என்னை ஆண் வரிசையில் சேர்ப்பதா பெண் வரிசையில் சேர்ப்பதா என்று தெரியாமல் ஒரு குழாயை மூன்றரை மணி நேரம் காற்றாட விட்டதுதான் கோளாறு.

அதே அறிக்கையில் இன்னும் மூன்று இடங்களில் நட்சத்திரக் குறி இருந்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எஸ்ட்ரடையால் அதிகம், ஹீமோகுளோபின் 12.4 என்பதால் ரத்தசோகை. மூன்றும் ஆண்களுக்குரிய அளவோடு ஒப்பிட்டுப் போட்ட குறிகள். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும், எஸ்ட்ரடையால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே நான் மருந்தே சாப்பிடுகிறேன்? ஹார்மோன் எடுக்கத் தொடங்கிய சில மாதங்களில் ஹீமோகுளோபினும் பெண்களின் அளவுக்கு வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அன்று பணியில் இருந்த வேறொரு மருத்துவர் அந்தக் குறிகளைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். திருவொற்றியூரிலிருந்து வரும் திருநம்பித் தம்பி ஒருவருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவருக்கு ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று பார்க்க, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அவர் அறிக்கையிலோ பெண்களின் அளவைத் தாண்டியதற்கெல்லாம் குறி விழுகிறது; உண்மையில் கவலைப்பட வேண்டிய எண் எது என்பது அந்தக் குறிகளுக்கு நடுவில் காணாமல் போகிறது.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. எடை, ரத்த அழுத்தம், கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ உண்டா என்று ஒரு பார்வை, மூச்சு வாங்குகிறதா, தலைவலியோ பார்வை மங்கலோ உண்டா, புகைக்கிறோமா, மனம் எப்படி இருக்கிறது என்று நான்கு கேள்வி, அதோடு இரண்டு ஹார்மோன் அளவுகள், பொட்டாசியம், சிறுநீரகம், கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை. இவ்வளவுதான். எதற்கு எதைப் பார்க்கிறார்கள், எத்தனை நாளில் எந்த மாற்றம் வரும், எது வராது என்பதை ஒரே தாளில் தமிழில் அச்சடித்து முதல் நாளே கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். மார்பு வளர மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்கும் என்றும், மாத்திரையால் குரல் மாறாது என்றும், வளர்ந்துவிட்ட தாடியை மாத்திரை நீக்காது என்றும் சொல்ல ஆளில்லாததால், எங்கள் பெண்கள் மூன்றாம் மாதமே பொறுமை இழந்து மாத்திரையை இரண்டாக்கி விழுங்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று வந்தாலும், கால் சுளுக்கு என்று வந்தாலும், திருநங்கை என்றால் முதலில் நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்.ஐ.வி. பார்த்து வா என்கிறார்கள். அந்தப் பரிசோதனையின் அவசியத்தை நாங்கள் மறுக்கவில்லை; எங்களில் பலர் அதற்காகத் தெருத் தெருவாகப் போய்ப் பேசியவர்கள். ஆனால் ஒப்புதல் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. நாங்கள் கேட்காத பரிசோதனைக்கு உடனே வழி திறக்கிறது, மருத்துவரே எழுதிக் கொடுத்த பரிசோதனைக்குக் கணினி திறக்க மறுக்கிறது. புளியந்தோப்பில் இருக்கும், எங்கள் உறவுமுறையில் பாட்டியான நானிக்கு அறுபது வயதுக்கு மேல். இளம் வயதில் நிர்வாணம் (விதையும் ஆணுறுப்பும் நீக்குவது) செய்துகொண்டு அதன்பின் ஒரு நாளும் ஹார்மோன் எடுக்காதவர். குழாயடியில் வழுக்கி விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்தது. விதைகளை நீக்கியபின் ஹார்மோன் இல்லாமலிருந்தால் எலும்பு தேயும் என்று முப்பது ஆண்டுகளில் எந்த மருத்துவரும் அவரிடம் சொன்னதில்லை, எலும்பு அடர்த்தி பார்க்க எழுதிக் கொடுத்ததும் இல்லை.

என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். ஜமாத் எனும் திருநங்கையர் குடும்ப முறையில் எனக்கு மகள், வயது இருபத்து மூன்று. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். முதல் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு நடந்ததே அவளுக்கும் நடந்தது. பெயர் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவே இல்லை. “அம்மா, வா போயிடலாம்” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அதன்பின் அவள் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரையை வாங்கி நாளொன்றுக்கு மூன்று என்று ஐந்து மாதம் விழுங்கியிருக்கிறாள். அதில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ரடையால் ரத்தத்தை உறைய வைக்கும் ஆபத்து மிகுந்தது என்பதால் எங்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பது உங்கள் பாடம். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, தரையில் ஊன்ற முடியாமல் கத்தினாள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்ற அந்தப் பதினைந்து நிமிடம் அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது. ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டி என்று டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது. உங்கள் அவசரப் பிரிவு மருத்துவர்கள் அவளைக் காப்பாற்றினார்கள், அவளைப் பெண் பெயரிலேயே கூப்பிட்டார்கள். அதை நான் மறக்க மாட்டேன். அந்தப் பெயரை ஐந்து மாதம் முன்னால் ரத்தம் எடுக்கும் கவுன்டரில் யாராவது கூப்பிட்டிருந்தால், அவள் கருத்தடை மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008-இல் வந்தது. எங்கள் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014-இல் வந்தது. ஹார்மோன் சிகிச்சை உள்ளிட்ட மருத்துவ வசதியும், அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையும், மருத்துவமனைகளை எளிதாக அணுகும் வழியும் செய்து தருவது அரசின் கடமை என்று 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. இவ்வளவும் கடந்து வந்து ரத்தக் குழாயில் ஒட்டும் இரண்டு அங்குலச் சீட்டில் வந்து நிற்கிறோம் என்பது எங்களுக்குப் பெரிய வேதனை, அம்மா.

கோபத்தில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதை மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஹார்மோன் தொடர் பரிசோதனைக்கென்று ஒதுக்குங்கள். ஒரே கவுன்டரில், ஒரே சீட்டில் எல்லாப் பரிசோதனைக்கும் ரத்தம் எடுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரையும் பாலினத்தையும் கணினியில் ஏற்றுங்கள். அதற்குரிய அளவோடு ஒப்பிட்டு அறிக்கை கொடுங்கள். தமிழில் ஒரு தாள் கொடுங்கள். எழுத ஆளில்லை என்றால், எங்களில் படித்த பிள்ளைகள் உங்கள் மருத்துவர்களோடு உட்கார்ந்து எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை எனக்குப் பரிசோதனை. முந்தின நாள் மாவு அரைக்க மாட்டேன். மகளுக்கு இனி ஹார்மோன் கொடுக்கலாமா, கொடுப்பதானால் தோலில் தடவும் ஜெல்லாகவா என்று உங்கள் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதால் அவளையும் அழைத்து வருகிறேன். இருவரும் எட்டு மணிக்கு வரிசையில் இருப்போம்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு திருநங்கை