அச்சிடப்படுக

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூட்டு வலி குறைந்து நீ மறுபடி நடக்க ஆரம்பித்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே பேத்திக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள்.

அம்மாவின் ஜெபப்புத்தகத்தில் ஆயர் பெயருக்கு மேலே 'இம்ப்ரிமாத்தூர்' என்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டிருந்தாய். லத்தீன் சொல். 'அச்சிடப்படுக' என்று பொருள். நம் வாழ்க, வருக போல ஒரே சொல்லில் முழு வாக்கியம். அதன் வேர் 'அழுத்து' என்பது. பிரஸ், பிரிண்ட் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவைதான். பக்கத்திலேயே 'நிஹில் ஓப்ஸ்தாத்' என்றும் இருக்கும், பார். 'தடையேதும் இல்லை' என்று தணிக்கையாளர் சொன்னது அது. அதற்குப் பிறகுதான் ஆயரின் அனுமதி. ஆங்கிலத்தில் இப்போது பெரிய இடத்து ஒப்புதல் எதற்கும் 'இம்ப்ரிமாட்டர்' என்கிறார்கள்.

அச்சகத்தில் வேலை பார்த்த நமக்கு இது புதிதில்லை. கடைசி புரூஃபில் முதலாளி 'பிரிண்ட் ஆர்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் நாம் ஒரு ஃபாரமாவது மிஷினில் ஏற்றியிருக்கிறோமா?

1687-இல் லண்டனில் வந்த நியூட்டனின் 'பிரின்சிபியா' என்ற அறிவியல் நூலின் முகப்பிலும் இதே சொல்தான். அங்கிருந்த அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவர் சாமுவேல் பீப்ஸ், 1686 ஜூலை 5 தேதியிட்டுக் கொடுத்தது. அனுமதி கொடுத்தார்களே தவிர, அச்சுக்கூலி கொடுக்க முடியவில்லை. இருந்த பணமெல்லாம் மீன்களைப் பற்றிய ஒரு பெரிய புத்தகத்துக்குப் போய்விட்டது. வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் தன் கைப்பணத்தைப் போட்டு அச்சிட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

கலிலியோவின் கதைதான் மனசுக்கு ஆறவில்லை. பூமி சுற்றுகிறதா என்று மூன்று பேர் உரையாடும் அவருடைய புத்தகம் 1632-இல் ஃபிளாரன்ஸில் வந்தது. ரோமின் அனுமதியும் ஃபிளாரன்ஸின் அனுமதியும் அதிலேயே அச்சாகியிருந்தன. அப்படியும் மறு வருடம் திருச்சபையின் விசாரணை, புத்தகத்துக்குத் தடை, சாகும்வரை வீட்டுக்காவல். தடைப் பட்டியலிலிருந்து அது நீங்க 1835 ஆயிற்று. முறைப்படி அனுமதி வாங்கிய கிழவரை இப்படியா செய்வது?

சரி, அம்மாவின் புத்தகத்தில் எந்த ஆயர், எந்த வருடம் என்று பார்த்து எழுது. பைண்டிங் விட்டிருந்தால் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதே, தாள் பழுத்துப் போகும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, நானே தைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
முருகேசன்