பையைத் திறக்கும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் எட்டாம் வகுப்பில் நடந்த பை சோதனை பற்றி உங்களில் சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். சிலர் கோபமாகவே கேட்டீர்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாணவியின் கால்குலேட்டரைக் காணவில்லை. உடனே 38 பைகளும் மேசைமேல் கவிழ்க்கப்பட்டன. புத்தகங்களோடு ஒரு பிள்ளையின் நாப்கினும், இன்னொரு பிள்ளை நான்காக மடித்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருந்த கடிதமும் வந்து விழுந்தன. கடிதத்தை ஒரு பையன் எடுத்து நாலு வரி சத்தமாக வாசித்தும் விட்டான். கால்குலேட்டர் சாயங்காலம் ஆய்வக ஜன்னல் திட்டில் கிடைத்தது. அவளே மறந்து வைத்ததுதான். (அவளை யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே நிறைய அழுதுவிட்டாள்.)

பையைத் திறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கத்தி இருக்கிறது, போதைப்பொருள் இருக்கிறது என்று நம்பத்தக்க தகவல் வந்தால் தயங்க மாட்டேன். ஆனால் யார்மேலும் குறிப்பாகச் சந்தேகம் இல்லாதபோது எல்லார் பையையும் கொட்டியது எங்கள் தவறு.

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. கடிதப் போக்குவரத்தையும் அதே வரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஜியோமெட்ரி பாக்ஸ்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எதுவரை போகலாம் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு உதவும். வலி மாத்திரை வைத்திருப்பதாகச் சந்தேகப்பட்டு 13 வயது மாணவி ஒருத்தியை உள்ளாடைவரை சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பையையும் மேலாடையையும் பார்த்தவரை சரி, அதற்கு மேல் போனது உரிமை மீறல் என்றது நீதிமன்றம். சந்தேகம் எவ்வளவோ, சோதனையும் அவ்வளவுதான்.

இனி இங்கே குறிப்பிட்ட பிள்ளைமேல் குறிப்பிட்ட காரணம் இருந்தால் மட்டுமே சோதனை. காரணத்தை முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்வோம். தனி அறையில், அதே பாலினத்தைச் சேர்ந்த ஆசிரியர் முன்னால், இன்னொருவர் சாட்சியாக இருக்க, பிள்ளையே பொருள்களை எடுத்து வைக்கட்டும். ஆடையைக் கழற்றச் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கே உங்களுக்குத் தகவல் வரும்.

அப்புறம் செல்போன். வகுப்பில் பயன்படுத்தினால் வாங்கி வைப்போம், ஆனால் திறந்து பார்க்க மாட்டோம். ஒரு பையில் அதிகம் போனால் பத்துப் பொருள் இருக்கும். போனிலோ அந்தப் பிள்ளையின் நண்பர்கள், வீட்டுப் படங்கள், உங்கள் செய்திகள்கூட இருக்கும். "அவன் யாரோடு பேசுகிறான் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று உங்களில் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் அதை அவனிடமே கேளுங்கள், நான் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை முதல் பீரியடில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நானும் வகுப்பாசிரியரும் மன்னிப்புக் கேட்கிறோம். கடிதத்தை அதற்குரிய பிள்ளையிடமே கொடுத்தாயிற்று.

அன்புடன்,
தலைமையாசிரியர்