வாத்துக்கு, இஜென் விஷயமாக

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள வாத்துக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்து ரொம்ப நாளாகிறது. பதில் போடாமல் இருந்ததற்கு ஆபீஸ் ஆடிட் ஒரு சாக்கு, சோம்பல் இன்னொரு சாக்கு. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள். மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் தலையில் நரைமுடி எத்தனை என்று எண்ணிச் சொல்கிறார். பெரியவன் வேலை மாறிவிட்டான். சின்னவன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், காரணம் உனக்குத் தெரியும். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "பாலி மற்றும் கிழக்கு ஜாவா, ஐந்து நாளில் ஏழு சாகசங்கள், இதில் எதை டிக் அடிக்க?" என்று கேட்டிருந்தாய். ராணியம்மா ஏழையும் டிக் அடித்து அனுப்பிவிட்டாள். அவள் ஹாஸ்டல் மெஸ்ஸிலும் அப்படித்தானே. நான் போன வருஷம் ஆபீஸ் கூட்டத்தோடு அந்தப் பக்கம் போய் வந்தவள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் குறுக்கிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

சின்னச் சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். சேற்றில் நாலு சக்கர வண்டி ஓட்டுவதை அடித்துவிடு. அதற்கு மழைக்காலத்துத் தில்லைநகரே போதும். லெம்புயாங் கோயில் வாசலில் எடுக்கும் படம் ராணியம்மாவின் ஆசை என்று தெரியும். அந்தப் படத்தில் காலடியில் தெரியும் ஏரி உண்மையில் கிடையாது. கேமராவுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து எடுக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும். இதை அவளிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் பொறாமை என்பாள்.

ஆயுங் ஆற்றில் ராஃப்டிங் போகலாம். பயப்படும்படி ஒன்றுமில்லை, குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆனால் ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. படகில் ஏறும் முன்பும், இறங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான படிகள். எந்த விளம்பரமும் இந்தப் படிகளைப் படம் எடுத்துப் போடாது. முன்பதிவு செய்யும் முன் "படி எத்தனை?" என்று கேள். ராணியம்மாவின் முழங்காலுக்கு அதுதான் முக்கியம்.

பாத்தூர் மலையில் சூரிய உதயம். 1,717 மீட்டர்தான், நடுராத்திரிக்கு மேல் கிளம்பி இரண்டு மணி நேரம் போல ஏறவேண்டும். மேல்பகுதி முழுக்கச் சரளைக் கல், ஏறுவதைவிட இறங்குவதுதான் வழுக்கும். உச்சியில் எரிமலை ஆவியிலேயே முட்டை வேகவைத்துத் தருவார்கள், நீயும் ராணியம்மாவும் அதையும் சாப்பிடப்போவதில்லை. 1926-ல் எரிமலைக் குழம்பு ஓடி ஊரையே மூடியதால், கீழே இருந்த மொத்தக் கிராமத்தையும் மேலே விளிம்புக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கறுப்புக் குழம்புப் பாறை இன்றும் அப்படியே கிடக்கிறது. ஜீப்பில் போயும் பார்க்கலாம், எனக்கு மலை ஏறியதைவிட அதுதான் பிடித்தது.

புரோமோ கட்டாயம் போகவேண்டும், இதில் பேச்சே இல்லை. பத்து கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பழைய எரிமலைப் பள்ளம். அதன் தரையில் கறுப்பு மணல், அதை மணல் கடல் என்றே சொல்கிறார்கள். நடுவில் புகைந்துகொண்டு நிற்கிறது புரோமோ. படத்தில் மடிப்பு மடிப்பாக அழகாகத் தெரியும் பச்சைக் கூம்பைத்தான் எல்லோரும் புரோமோ என்று நினைக்கிறார்கள். அது பாத்தோக். புரோமோ அதற்குப் பக்கத்தில் தலை வெட்டுப்பட்டது போல நிற்பது. தூரத்தில் பின்னால் நிற்பது செமேரு, 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரம்.

அங்கே இருக்கிற தெங்கர் மக்கள் இந்துக்கள். மலையடிவாரத்தில் மணலுக்கு நடுவே கோயில். இருநூற்றைம்பது படி ஏறிப்போனால் எரிமலை வாயின் விளிம்பில் ஒரு பிள்ளையார்! பூவும் விபூதியும் கொண்டுபோகாமல் போய்விட்டேனே என்று எனக்கே ஆகிவிட்டது, நீயானால் அங்கேயே உட்கார்ந்து அகவல் சொல்லியிருப்பாய். கசாடா என்று வருஷத்துக்கு ஒரு திருவிழா. ரோரோ அந்தெங், ஜோகோ செகெர் என்று பிள்ளையில்லாத ராஜா ராணி மலையிடம் வேண்டிக்கொண்டு இருபத்தைந்து பிள்ளை பெற்றார்களாம். கடைசிப் பிள்ளையைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. அந்தக் கதையை நினைத்து இன்றும் காய்கறி, கோழி, காசு எல்லாம் வாய்க்குள் எறிகிறார்கள். அதை உள்சரிவில் நின்றுகொண்டு வலையைப் பிடித்துப் பொறுக்குகிறவர்களும் உண்டு. சாமிக்குப் போகிறதா, வலைக்குப் போகிறதா என்று யாரும் சண்டை போடுவதில்லை.

ஜூலை, ஆகஸ்டில் போனால் விடியற்காலையில் புல்லில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர். நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்தானே என்று காட்டன் புடவையோடு வந்து நிற்காதே.

சரி, இஜென் எரிமலை. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நீ இஜெனுக்கு இரண்டு டிக் அடித்து, பக்கத்தில் "நீல நெருப்பு!!!" என்று எழுதியிருக்கிறாய். பாலியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிப்போய் மறுநாள் மதியம் கொண்டுவந்து விடுகிற டூரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். அது வேண்டவே வேண்டாம். வேனில் நாலைந்து மணி நேரம், கிலிமானுக்கில் படகு ஏறி ஜாவாப் பக்கம் இறங்கி, மறுபடி வேன், தூங்காத கண்ணோடு மலை. ஜாவாவில் நேரம் பாலியைவிட ஒரு மணி பின்னால் வேறு, யார் கடிகாரப்படி கிளம்புகிறோம் என்பதிலேயே பாதிக் குழப்பம். போவதானால் ஜாவாப் பக்கம் இருக்கிற பன்யுவாங்கியில் தங்கு, மதியமே தூங்கு.

பால்துடிங் என்கிற இடத்தில் நடை தொடங்கும். மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஐந்நூறு மீட்டர் போல உயரம் ஏறிவிடும். விளிம்பிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கினால்தான் நீல நெருப்பு. அது குழம்பு இல்லை. வெடிப்புகளிலிருந்து வருகிற கந்தக வாயு காற்றில் பட்டுப் பற்றிக்கொள்கிறது. இருட்டில் மட்டும்தான் தெரியும், அதனால்தான் எல்லோரும் இரண்டு மணிக்கே ஏறுகிறார்கள். நீ பார்த்த படங்களெல்லாம் கேமராவை வெகுநேரம் திறந்துவைத்து எடுத்தவை. நேரில் ஒரு பெரிய ஸ்டவ்வின் நீலம், அதுவும் புகை விலகினால். அழகில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

எனக்கு அங்கே மனதில் நின்றது வேறொன்று. விளிம்புக்கு வந்ததும் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. எங்கள் கைடு "இப்போது இறங்க முடியாது" என்றார். எங்களோடு வந்த ஒருவர் காசு கொடுத்திருக்கிறோம், பக்கத்துக் குழு இறங்குகிறதே என்று குதித்தார். கைடு பதில் பேசவில்லை. சாரோங்கைப் போர்த்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்து கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டார். காற்று மாறும்வரை அசையவில்லை. பாதிப் பேருக்குக் கோபம். எனக்கு அவர் மேல் அன்றே மரியாதை வந்துவிட்டது. டூர் தேர்ந்தெடுப்பதென்றால் எனக்கு இப்போது இதுதான் அளவு: விலை, நட்சத்திரம், ஓசி பிரேக்ஃபாஸ்ட் எல்லாம் அப்புறம். எழுதிக் கேள், "மலை சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள், காசு திரும்ப வருமா?" என்று. "கவலையே வேண்டாம் மேடம், நூறு சதவீதம் காட்டிவிடுவோம்" என்று பதில் வந்தால் அந்த ஆளை விட்டுவிடு.

காற்று மாறியபிறகு இறங்கினோம். முகத்தில் பெரிய வாயு முகமூடி, இரண்டு பக்கமும் வடிகட்டியோடு. அப்படியும் ஒரு சுருள் புகை வந்து மூடியபோது கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமி இருமி நெஞ்சு வலித்தது. தீபாவளியன்று நம் ஹாஸ்டல் தெருவை மூடுமே புகை, அதை ஒரு குடத்துக்குள் அடைத்து முகத்தில் கவிழ்த்தது போல. எனக்குச் சளி பிடித்தே வருஷக்கணக்காகிறது, உனக்குத் தெரியும்.

அந்தப் புகைக்குள்தான் ஆட்கள் வேலை செய்கிறார்கள். குழாய் வழியாக வாயுவை இறக்கிக் குளிரவைக்கிறார்கள். சிவப்பாகச் சொட்டி, ஆறினதும் மஞ்சளாகக் கட்டிப்போகிறது கந்தகம். அதை உடைத்து இரண்டு கூடையில் காவடி கட்டி, எழுபது எண்பது கிலோ, அந்தச் செங்குத்துப் பாதையில் ஏறுகிறார்கள். முகமூடிக்குப் பதில் ஒருவர் ஈரத்துணியைப் பல்லில் கடித்திருந்தார். துணி வாயுவைத் தடுக்காது, அது அவருக்கும் தெரிந்திருக்கும். சர்க்கரை வெளுக்க, ரப்பர் பதப்படுத்த என்று அந்தக் கந்தகம் போகிறதாம். சுமையோடு வருகிறவருக்கு வழிவிட்டு மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்கவேண்டும். அங்கே அதுதான் சட்டம். நம் ஆட்களில் சிலர் அவர்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர்களோடு எனக்குப் பேசப் பிடிக்கவில்லை.

வாத்து, இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. போன தீபாவளிக்கு ராத்திரி உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் நெபுலைசர் வைத்ததை உன் மகள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே, நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். நீ என்னிடம் "சாதாரண ஜலதோஷம்டி" என்றாய். வீசிங் இருக்கிறவர்களுக்குக் கந்தக டை ஆக்சைடு கொஞ்சமாகப் பட்டாலே மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். பள்ளத்தின் அடியில் அது நடந்தால் மேலே வர ஒரு மணி நேரம் ஏறவேண்டும். ஆம்புலன்ஸ் வராது. உன்னைச் சுமக்கவும் அந்தக் கூடைக்காரர்தான் வரவேண்டும்.

இஜெனுக்கு இப்போது உடல்தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். "எல்லாம் நாங்களே ஏற்பாடு செய்துதருகிறோம்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் செமஸ்டரில் கம்பவுண்டரிடம் வாங்கினாயே டைஃபாய்டு சர்டிஃபிகேட், அதே மாதிரி இதையும் வாங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அன்று எல்லோரும் சிரித்தோம். இன்று சிரிக்க முடியவில்லை. படிவத்தில் மூச்சுத் தொந்தரவு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும், அதில் உண்மையை எழுது. அப்படி ஒரு கேள்வியே கேட்காத டூர் நமக்கு வேண்டாம்.

மலைகளும் விளையாட்டில்லை. 2023 டிசம்பரில் சுமத்ராவில் மராபி வெடித்து ஏறப்போனவர்களில் 24 பேர் இறந்தார்கள். அப்போது அது இரண்டாம் நிலை எச்சரிக்கையில்தான் இருந்தது, பாதையும் திறந்துதான் இருந்தது. 2024 ஏப்ரலில் இதே இஜெனில் படம் எடுக்க நின்ற ஒரு பெண் விளிம்பிலிருந்து விழுந்து இறந்தாள். அங்கே நாலு நிலை வைத்திருக்கிறார்கள்: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். மக்மா இந்தோனேசியா என்கிற அரசாங்கத் தளத்தில் எந்த மலை எந்த நிலை என்று தினமும் போடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் உன் மகளைப் பார்க்கச் சொல். டூர்காரர் சொல்வதை மட்டும் நம்பாதே.

அதனால் என் திட்டம் இது. முதலில் பாலியில் ஆயுங், பாத்தூர் ஜீப். அப்புறம் பன்யுவாங்கி. உன் டாக்டர் சரி என்றால், காற்று நம் பக்கம் வீசவில்லை என்றால், விடிந்தபிறகு மெதுவாக விளிம்புவரை மட்டும். பள்ளத்துக்குள் நீ இறங்கக் கூடாது, நானும் இறங்கமாட்டேன். பகலில்தான் அந்த ஏரி தெரியும், ஒரு கிலோமீட்டர் அகலத்தில் பால் கலந்த பச்சை நீலம், முழுக்க அமிலம். இருட்டில் போகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்கக் காத்திருக்காமல் குளிர் தாங்காமல் இறங்கிவிடுகிறார்கள். டாக்டர் வேண்டாம் என்றால், மலைக்குக் கீழே காபித் தோட்டங்கள் இருக்கின்றன, நாம் இருவரும் அங்கே உட்கார்ந்திருப்போம். ராணியம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆறு மாசம் கதை சொல்லட்டும். கடைசியில் ரயிலில் புரோபோலிங்கோ போய் புரோமோ. அங்கேயும் மணல் தூசி உண்டு, வாய்க்கருகில் புகையும் உண்டு. பிள்ளையாரைப் பார்க்க ஏறுவதா, எட்ட நின்று கும்பிடுவதா என்பதை அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்யலாம்.

"நீ என்ன என் மாமியாரா?" என்று கேட்பாய். கேள். ஆனால் இந்த வாரமே டாக்டரிடம் போ. மலை, கந்தகம், உயரம் எல்லாவற்றையும் சொல்லி, இன்ஹேலர் எத்தனை எடுத்துவரவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எரிமலை ஏறுவதும் ராஃப்டிங்கும் அதில் உண்டா என்று சின்ன எழுத்தைப் படி. வீசிங் இருப்பதை அவர்களிடமும் மறைக்காதே, மறைத்தால் ஒரு பைசா தரமாட்டார்கள். விசாவுக்கு அலையவேண்டாம், இறங்கினதும் ஐந்து லட்சம் ரூபியா கட்டினால் தருவார்கள். லட்சம் என்றதும் மயங்கி விழாதே, இந்தோனேசிய லட்சம்.

தேதியை மழை தொடங்கும் முன், செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் சொன்னதைத் தெரிந்துகொண்டபிறகுதான் நான் டிக்கெட் போடுவேன், அதுவரை ராணியம்மாவையும் முன்பணம் கட்டாமல் பிடித்துவை. ஸ்வெட்டர் வாங்காதே, இங்கே வீட்டில் நிறைய இருக்கிறது, கொண்டுவருகிறேன். ராணியம்மாவுக்கு மட்டும் பிங்க் நிறம்தான் வேண்டுமாம், அவளே வாங்கிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
நெட்டை