வழுக்குற லேனும் மங்குன பந்தும்

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க, பெர்த் குளிர் பழகிடுச்சா? இங்க எல்லாம் நல்லாதான் போகுது, அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடல, சின்னவளுக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ பரீட்சை, வீட்டுல டிவி சத்தமே இல்ல.

பௌலிங்ல எண்ணெய் ஜாஸ்தியா இருக்க லேனுக்கு, அதான் பந்து உருட்டுற பாதைக்கு, புதுப் பந்து வாங்கவான்னு கேட்டிருந்தல்ல. அவசரப்படாத. போன மாசம் லீக்ல 42 அடிக்கு எண்ணெய் போட்டிருந்தாங்க, மொத்த லேனே 60 அடிதான், நான் கடையில அழகுல மயங்கி வாங்கின பளபள பேர்ல் பந்த (மினுக்கு கலந்த தோல், நல்லா வழுக்கும்) தூக்கிட்டுப் போனேன், அது பாட்டுக்கு வழுக்கிக்கிட்டே போய் மூணாம் நம்பர் பின்ன உரசிட்டு ஓடிருச்சு, இடது பக்கம் 1, 2, 4, 7 வரிசையா நின்னு என்னையே பார்க்குது. மானம் போச்சுடா.

பக்கத்து லேன் அங்கிள் வச்சிருந்தது மங்கிப்போன பழைய சாலிட் பந்து, அதான் மினுக்கு கலக்காதது. அழகா வளைஞ்சு உள்ள போச்சு. கேட்டா, "பந்த மாத்தாத தம்பி, தோல மாத்து"ன்னாரு, அதாவது பந்தோட மேல்பரப்ப.

அதான் என் பழைய ரீயாக்டிவ் பந்த (எண்ணெய உறிஞ்சுற தோல் உள்ளது) எடுத்தேன். விரல் ஓட்டைய டேப் போட்டு ஒட்டி, கை பொறுக்குற வெந்நீர்ல பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு வாளியில போட்டா, குடிச்ச எண்ணெய் எல்லாம் பிசுபிசுன்னு மேல மிதக்குது, அம்மா பார்த்துட்டு சாம்பார் தாளிக்கலாமேங்குறாங்க. அப்புறம் ப்ரோ ஷாப்ல (பௌலிங் சாமான் கடை) 1000 நம்பர் உப்புத்தாள் மாதிரி பேட் வச்சு தேய்ச்சுக் குடுத்தாங்க. சொரசொரப்பா இருந்தாதான் எண்ணெயிலயும் புடிமானம். ஆனா இதெல்லாம் முன்னாடியே முடிச்சிடு, போட்டி ஆரம்பிச்சப்புறம் தேய்க்கக் கூடாது.

எங்க குறி வைக்கணும்னா, பேட்டர்ன் நீளத்துல, அதான் எண்ணெய் போட்ட அடிக்கணக்குல, 31 கழிச்சுப் பாரு, 42க்கு 11 வரும், பந்து எண்ணெய விட்டு வெளிய வர்றப்போ ஓரத்துலேருந்து எண்ணி 11வது போர்டு (லேன்ல நீளவாக்குல இருக்க பலகை) பக்கம் இருக்கணும். சும்மா தோராயக் கணக்குதான். வேகத்தையும் கொஞ்சம் கொற.

பேர்ல் பந்த வித்துடாதடா. ரெண்டு மூணு கேம் போனா எண்ணெய் காஞ்சு சாலிட் சீக்கிரமே வளைய ஆரம்பிச்சிடும், அப்போ பேர்ல்தான் கைகொடுக்கும். ஸ்பேருக்கு, அதான் மிச்சம் நிக்குற பின்ன ரெண்டாவது பந்துல அடிக்க, எப்பவும்போல பிளாஸ்டிக் பந்து.

டிசம்பர்ல வர்றேன்னியே, டிக்கெட் போட்டுட்டியா? ஷூவ மறக்காத, போன தடவை வாடகை ஷூ நாத்தத்துல நீ போட்ட ஆட்டம் இன்னும் ஞாபகம் இருக்கு.