2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இளம் வழக்கறிஞர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது சட்ட வாசிப்பு மன்றத்தின் ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அரங்க வாடகை கூடிய புலம்பலையும் அவருக்கே விட்டுவிடுகிறேன்.

சர்வதேசச் சட்டமும் உள்நாட்டுச் சட்டச் சீர்திருத்தமும் என்று பொதுவாகத்தான் செயற்குழு ஆண்டின் தலைப்பை முடிவு செய்திருந்தது. ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நடைமுறைக்கு வந்ததில் தலைப்பு தானாகவே குறுகிவிட்டது. அம்மாதக் கூட்டத்தில் பாதி நேரம் சட்டங்களின் பெயரை உச்சரிப்பதில் போயிற்று. மீதி நேரம் பழைய கொலைப் பிரிவு 302 இப்போது 103, மோசடிப் பிரிவு 420 இப்போது 318 என்று மனப்பாடம் செய்வதில் போயிற்று. அப்போது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எண்ணை மாற்றியது இருக்கட்டும் ஐயா, லாக்கப்பில் அடிப்பதைப் பற்றி என்ன மாற்றினார்கள்?" என்று கேட்டார். ஆண்டு முழுவதும் அந்தக் கேள்வியின் பின்னால்தான் போனோம்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1984இல் ஏற்கப்பட்டது. இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்றுவரை பின்னேற்பு செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக உறுதி தரவில்லை. 2010இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தெரிவுக் குழுவுக்குப் போய், பிறகு காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தனது 273ஆம் அறிக்கையில் ஒரு வரைவையே எழுதிக் கொடுத்தது. சட்டம் இயற்று என்று நாடாளுமன்றத்துக்குக் கட்டளையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. அண்டை நாடுகளைப் பாருங்கள் என்றார் ஓர் இளம் உறுப்பினர். இலங்கையில் 1994இலும், வங்கதேசத்தில் 2013இலும், பாகிஸ்தானில் 2022இலும் இதற்கெனத் தனிச்சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதே இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகச் செல்லும். ஆகவே சட்டம் இருந்தால் போதும் என்று யாரும் வாதாடவில்லை. இல்லாமல் இருப்பதற்கும் விலை உண்டு என்பதே நம் வாதம்.

அந்த விலை இந்த ஆண்டே இரண்டு முறை தெரிந்தது. 1995ஆம் ஆண்டு புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதம் போட்ட வழக்கில் தேடப்படும் டென்மார்க் நாட்டவரை இந்தியாவுக்கு அனுப்ப, அந்நாட்டு நீதிமன்றம் 2011இல் மறுத்தது போலவே 2024 ஆகஸ்டிலும் மறுத்தது. 2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை இந்தியாவுக்கு அனுப்ப மறுத்து விடுவித்தது. இரண்டு இடத்திலும் முக்கியக் காரணம் ஒன்றே: இந்தியக் காவலில் துன்புறுத்தப்படும் அபாயம். ஊழல்வாதிகளைப் பிடித்து வருவோம் என்று மேடையில் முழங்குபவர்கள் இத்தீர்ப்புகளைப் படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆண்டில் மிகுந்த விவாதம் நடந்தது நீலபதி பெஹரா வழக்கில்தான். 1987 டிசம்பர் 1 அன்று ஒடிசாவில் சுமன் பெஹரா என்ற 22 வயது இளைஞரைப் போலீசார் வீட்டிலிருந்து அழைத்துச் சென்றார்கள். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டார் என்றது காவல்துறை. தாய் நீலபதி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஐ.நா.வின் குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு தரும் 9(5) பிரிவை இந்தியா ஒதுக்கிவைத்திருந்தது. ஒதுக்கிய அதே பிரிவைத் தீர்ப்பு துணைக்கு அழைத்தது. அந்த ஒதுக்கீடு பொருளற்றுப் போனது என்று காவல் மரணங்கள் பற்றிய பின்னாளைய டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே சொன்னது. முன்வாசலில் நிறுத்திய விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து பந்தியில் அமர்ந்த கதை இது.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடரும் அனுமதியை 120 நாளில் முடிவு செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். ஆனால் முன்பு முதல் 15 நாளுக்குள் முடிந்துவிட்ட போலீஸ் காவலை, இனி மொத்தம் 15 நாளுக்கு மிகாமல், வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம் என்ற 187ஆம் பிரிவு நம்மில் பலருக்குக் கவலை தருகிறது. இந்தக் கவலையில் எனக்கும் பங்குண்டு.

அதே சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பளிச்சென்று தெரியும்படி வைக்க வேண்டும். நம் உறுப்பினர்கள் வட்டாரத்தில் சில நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஓரிடத்தில் பலகை இருந்தது. சாக்பீசில் எழுதிய தேதி போன மாதத்தினுடையது. இன்னோரிடத்தில் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே சைக்கிள் சாவிகள் மாட்டியிருந்தார்கள்.

மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் தமிழக அரசு அமைத்த ஒரு நபர் குழுவுக்கு நம் மன்றம் மனு அனுப்பியது. கேட்டது ஒன்றே ஒன்று. போலீஸ் காவலில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே ஏற்படுத்தியதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என்ற பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1985இலேயே தனது 113ஆம் அறிக்கையில் சொன்னது. நாற்பது ஆண்டு கழிந்தும், புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இல்லை. சாட்சியச் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. சட்டப்பேரவை திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். டெல்லி முதலில் செய்யட்டும் என்று சென்னை காத்திருக்க வேண்டியதில்லை. மனுவை வரைந்த இளம் உறுப்பினர்கள் இருவருக்கும் நன்றி.

அறிக்கை ஆண்டுக்கு வெளியே என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், திருப்புவனம் போலீசாரின் விசாரணையில் இறந்தார். தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் நடந்து அப்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. மனுவின் நகலைத் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுக்கும் தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன்.

சர்வதேச நீதிமன்றம் பற்றிய கூட்டம் மழையால் தள்ளிப்போய், பிறகு நடக்கவே இல்லை. நூலகத்துக்குப் புதிய சட்டங்களின் தமிழ் உரைகள் வாங்கப்பட்டன. இரவல் போனவற்றைத் திருப்பித் தரவும். வரும் ஆண்டுக்குக் கடல் சட்டத்தையும், இந்தியா–இலங்கை கடல் எல்லை பற்றிய 1974, 1976 ஒப்பந்தங்களையும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

சந்தா பாக்கி உள்ளவர்கள் தேர்தலுக்கு முன் பொருளாளரைப் பார்த்துவிட வேண்டும்; விதி 7இன்படி பாக்கிதாரருக்கு வாக்கு கிடையாது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்