தூங்கி எழுந்து வரைந்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் ஜப்பானிய மங்கா (படக்கதை) ஓவியர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒசாமு தெசுகாவும் ஷோதாரோ இஷினோமோரியும் ராத்திரி பகல் பார்க்காமல் வரைந்ததை அவ்வளவு புகழ்ந்த கட்டுரையாளர், இன்னொரு பெரிய மங்கா ஓவியரான ஷிகேரு மிசுகியின் பெயரை ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபம்தான், அதனால் எழுதுகிறேன்.

மிசுகி 1922இல் பிறந்தவர், சகாய்மினாதோ என்ற துறைமுக ஊரில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் போன இடத்தில், பப்புவா நியூ கினியைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவில், மலேரியாவோடு படுத்துக் கிடந்தபோது குண்டு விழுந்து இடது கை போனது. ஊர் திரும்பி, தெருவில் படம் காட்டிக் கதை சொல்பவர்களுக்கு வரைந்து கொடுத்தார். அந்தத் தொழில் படுத்ததும் வாடகைப் புத்தகக் கடைகளுக்கு மங்கா வரைந்தார். தாள் நகராமல் இருக்க இடது தோளால் அழுத்திக்கொண்டு குனிந்து வரைவாராம். பதிப்பகங்கள் சொன்ன பணத்தைத் தராது, பாதியில் திவாலாகும், வீட்டில் அடகுச் சீட்டுகள்தான் சேர்ந்தன. 1961இல், பெண் பார்த்த ஐந்தாம் நாளே கல்யாணம் செய்துகொண்டு வந்த மனைவியும் இதையெல்லாம் சேர்ந்து தாங்கினார். அழுகப்போகிற நிலையில் மலிவாக விற்கும் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்ட வீடு அது.

1965இல் கோதான்ஷா பதிப்பகத்தின் மங்கா பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 43. அப்புறம்தான் அவர் படைத்த கிதாரோ, கல்லறையில் பிறந்த ஒற்றைக்கண் பேய்ப் பையன், நாடு முழுக்கப் பிரபலமானான். முதலில் கதையின் பெயரிலேயே 'கல்லறை' இருந்தது, தொலைக்காட்சிக்கு அது சரிப்படாது என்று 'கெகெகே' என்று மாற்றினார்கள். சின்ன வயதில் ஷிகேரு என்ற தன் பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் 'கெகெரு' என்று மிசுகி சொல்லிக்கொண்டதிலிருந்து வந்ததாம் அது.

இனி என் கோபத்துக்கான காரணம். ஒரு விருந்தில் தெசுகாவும் இஷினோமோரியும் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று பெருமையடித்தபோது, தான் பத்து மணி நேரம் தூங்குவதாக மிசுகி சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். இதை அவரே பின்னால் ஒரு குட்டிப் படக்கதையாக வரைந்திருக்கிறார். அந்த இருவரும் 60 வயதில் போய்விட்டார்கள். இவர் 2015 வரை, 93 வயது வரை இருந்தார், 91 வயதில் புதிதாக ஒரு தொடர்கூட ஆரம்பித்தார். தூங்காததால்தான் செத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. புகழ் வந்த பிறகு மிசுகியும் உதவியாளர்களை வைத்துக்கொண்டு மாடாக உழைத்தவர்தான். ஆனால் கண்விழிப்பதையே திறமையின் அடையாளமாக உங்கள் கட்டுரையாளர் எழுதியதுதான் எனக்கு உறுத்தியது.

பிரபலம் என்றால் எப்படி என்று கேட்டால், சகாய்மினாதோவுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். 1993இல் தொடங்கிய மிசுகி வீதியில் இப்போது 170க்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகள், பல முழங்கால் உயரம்கூட இல்லை. நான் போனபோது ஒரு பாட்டி கைக்குட்டையால் ஒரு குட்டிப் பேயின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரயில் பெட்டிகளில் கிதாரோ, பக்கத்து விமான நிலையத்துக்கும் கிதாரோ பெயர். கிதாரோவின் அப்பா வெறும் கண்விழி, தேநீர்க் கிண்ணத்தில் குளிக்கிறவர். ஸ்டேஷன் வாசலில் தெருவிளக்குகளும் அந்தக் கண் உருவத்தில்தான்.

அடுத்த இதழில் அரைப் பக்கமாவது அவருக்குக் கொடுங்கள். படம் போடுவதாக இருந்தால் அந்தத் தெருவிளக்கைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்