1997-இல் என் தங்கைக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு

அன்று ரத்தம் கொடுத்த எல்லோருக்கும், அந்த வார்டில் அவளைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு அவள் முகம்கூடத் தெரியாது. 26 வயதுப் பெண், ரத்தப் புற்றுநோய் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். கொஞ்ச நாளில் அவள் போய்விட்ட செய்தியும் வந்திருக்கும். 'கொடுத்தும் பிழைக்கவில்லையே' என்று சிலர் வருத்தப்பட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அந்த வருத்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அவளுக்கு வந்தது சி.எம்.எல். என்கிற நாள்பட்ட வகை. முதல் சில வருடம் மாத்திரை போட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தாள். எலும்பு மஜ்ஜை மாற்றலாம் என்றார்கள். உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். எனக்கும் பொருந்தவில்லை, தம்பிக்கும் பொருந்தவில்லை. அப்புறம் நோய் திடீரென்று முற்றியது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் அடியோடு குறைந்து, ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியது. கால் முழுக்கக் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். வாய் திறந்தாலே ரத்தம் வருகிறது என்று பேச்சையே நிறுத்திவிட்டாள், ஓயாமல் பேசுகிறவள்.

அப்போதெல்லாம் பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதையும் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 22 டிகிரி வாக்கில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சேர்த்து வைக்க வழியில்லாததால்தான் வேளைகெட்ட வேளையில் உங்களைக் கூப்பிட்டோம். பெரியவர் ஒருவருக்கு ஒருமுறை ஏற்றவே நாலு முதல் ஆறு பேரின் ரத்தம் வேண்டியிருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் வந்த மாணவர்கள் இருந்தார்கள். இரவு வேலை முடித்து நேராக வந்த ஒருவரை, தூங்காமல் கொடுக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் தூங்கி எழுந்து சாயங்காலம் மறுபடி வந்து நின்றார்.

அது என்ன செய்தது என்று கேளுங்கள். வெளிர் மஞ்சளாக இருக்கும் அந்தப் பை அரை மணி நேரத்தில் ஏறிவிடும். மறுநாள் காலையில் ஈறில் கசிவு நின்றிருக்கும், பேச ஆரம்பித்துவிடுவாள். பையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "யாரோ, நல்லா இருக்கணும்" என்பாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதியில் விட்ட கணக்குகளை அவள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்ததும் அந்த நாட்களில்தான். அதற்கு முன் இருவரும் ரொம்ப நாளாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். நீங்கள் கொடுத்தது எங்களுக்கு அதையெல்லாம் கொடுத்தது.

இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டிவிட்டுப் போகாமல், ரத்தம் நிற்கும்வரை விரலால் அழுத்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். அவள் நேரடியாகக் கேட்டபோது பொய் சொல்லாமல், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று சொன்ன டாக்டருக்கும் நன்றி.

அவள் போன நாலாவது வருடம், 2001 மே மாதம், இதே நோய்க்கான இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைப் படித்த அன்று வயிறு எரிந்தது. இன்று அந்த மாத்திரையால் எத்தனையோ பேர் வேலைக்குப் போய்க்கொண்டு பல்லாண்டு வாழ்கிறார்கள். பலன் கிடைக்குமா என்று தெரியாமலே 1998-இல் முதன்முதலாக அதைச் சாப்பிட்டுப் பார்க்க ஒப்புக்கொண்ட நோயாளிகளுக்கும் எங்கள் நன்றி.

இதை எழுதச் சொன்னது அம்மா. அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. தன் பேரையும் சேர்த்துப் போடச் சொன்னார்.

அன்புடன்,
அவளுடைய அம்மாவும் அக்காவும் தம்பியும்